துரையின் லைனை உருவிய மத்தியானம்

ஆசிட் வாசனை… பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் கதவைத் திறந்தாலே தொண்டை கரிக்கும்.

மெர்டேக்கா, அதுதான் நாட்டுக்குச் சுதந்திரம், வந்த புதிது. மலாக்காவில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்திருந்தேன். அந்த அறை முழுக்கக் கண்ணாடி ஜாடிகளில் ஆசிட், வரிசை வரிசையாய். ஊரில் கரண்ட் போனாலும் போன் போகாது. அதற்காகத்தான் அத்தனை பேட்டரியும்.

அன்றைக்கு மழையும் விடவில்லை, கரண்டும் வரவில்லை. ஃபேன் நின்று, ஹெட்செட்டுக்குள் காது வெந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியாது. பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் மணியம் அண்ணன் மீட்டரைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி உள்ளே ஓடுவார்.

"பேட்டரி எறங்கிக்கிட்டே போவுது மேடம். லைனக் கொறைங்க, இல்லாட்டி மொத்தமும் படுத்துரும்."

சூப்பர்வைசர் மேடம் தமிழ்க்காரர்தான். ஆனால் வெள்ளைக்காரத் துரை என்றால் நடுங்குவார்.

"போலிஸ், தீயணைக்கிற பொம்பா, நம்ம ஊரு ஆஸ்பத்திரி, தொரைமாரு லைன் இருக்கட்டும். மத்ததெல்லாம் கட் பண்ணு. சீக்கிரம், செப்பாட்லா!"

அந்த 'மத்ததெல்லாம்' என்பதில் லெட்சுமி அக்காவின் லைனும் இருந்தது…

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அவர் புருஷன் லாரி டிரைவர். ஜோகூரில் விபத்தில் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலை எடுக்காவிட்டால் உயிர் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷனோ, எடுக்க விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அக்கா காலையிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குக் கீழே போன் பூத்தில் காத்துக் கிடந்து, அப்போதுதான் லைன் கிடைத்து, அவரிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

அடுத்த லைனில் ஓர் எஸ்டேட் துரை. சிங்கப்பூர் நண்பரோடு குதிரைப் பந்தயம் பேசிக்கொண்டிருந்தார். சிரிப்பு வேறு!

வெட்டச் சொன்ன மற்ற லைன்களையெல்லாம் எடுத்துவிட்டேன். இந்த இரண்டும்தான் பாக்கி. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

போர்டிலிருந்து துரையின் லைன் பிளக்கை உருவிவிட்டேன்.

மேடம் பாய்ந்து வந்தார். "தொரை லைன யாரு கட் பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மணியம் அண்ணன் கதவருகிலிருந்து, "பேட்டரி தாங்கல மேடம். தானா போயிருச்சு, நான் என்னா செய்ய?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கில்லாடி!

அக்காவின் லைனில் ஒரு நிமிஷம் காதை வைத்தேன். வைக்கக்கூடாதுதான். மனசு கேட்கவில்லை.

"காலு போனா போவுதுங்க. நீங்க வீட்டுக்கு வாங்க. எனக்கு அது போதும்."

அந்தப் பக்கம் அழுகை. பிறகு, "சரி, எடுக்கச் சொல்றேன்."

அக்கா புருஷன் ஒற்றைக் காலோடு வீட்டுக்கு வந்தார். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது மலாக்காவிலேயே புக்கிட் காதிலில் மகன் வீட்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் மேசைக்கடியில் யூபிஎஸ் என்று ஒரு சின்னப் பெட்டி. கரண்ட் போனால் 'பீப் பீப்' என்று கத்தும், அவ்வளவுதான். பேரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், வேலை அது பாட்டுக்கு நடக்கும்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளாது. உடனே கோலாலம்பூரில் இருக்கும் மகளுக்குப் போன் அடிப்பேன்.

"என்னாம்மா, என்னா விஷயம்?"

"ஒன்னும் இல்லடி… கரண்ட் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இரு."