தலைமாட்டில் ஒரு மைக்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதி மறந்தும் போய்விட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம்தான் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சூளையில் வேலை பார்த்தவர். வாதம் வந்து படுத்தபின் குரல் நூல் மாதிரி ஆகிவிட்டது. மணியடிக்கக்கூடக் கை எழாது. வாயருகே காதை வைத்தால்தான் பேசுவது புரியும். பின்கட்டில் சமைத்துக்கொண்டிருப்பேன், கூப்பிட்டாரோ என்று ஓடி வருவேன். கூப்பிட்டிருக்க மாட்டார். ஓடி வராத ஒரு நாள், தண்ணீர் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டு கிடந்தார். அதற்குப் பிறகு உலை வைப்பதும் ஓடுவதும்தான். கால் இரண்டும் வீங்கிப்போயின.

என் தம்பி ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் செய்பவன். செல்போன் வந்து அந்த வேலை குறைந்திருந்த காலம்.

"மாமா பேசறத மைக்குல புடிச்சு உனுக்கு சமையக்கட்டுல கேக்க வைக்கறன்க்கா" என்று ஒரு மத்தியானம் வந்தான்.

சட்டைப் பொத்தான் அளவு மைக். மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்று. மைக் பிடிக்கிற சத்தம் ரொம்பச் சின்னதாம். டிரான்சிஸ்டர் அதைப் பெரிதாக்கிப் பின்கட்டில் இருக்கும் டேப்ரெக்கார்டருக்கு அனுப்புமாம். அவன் பற்றவைக்க, நான் ஒயரைப் பிடித்துக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் தள்ளியது.

"தூங்கிடாதக்கா, உன் வெரலயும் சேத்துப் பத்த வெச்சிடுவன்."

"வெய்யி. அந்தச் சாக்குலயாவது ஒரு நாளு ஒக்காருவன்."

செய்ததை எதற்குள் வைப்பது? பீங்கானில் கரண்டு ஏறாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஃபியூஸ் கட்டையே பீங்கான்தானே. கோணல் என்று கம்பெனியில் ஒதுக்கிய மூடிபோட்ட ஜாடியைக் கொடுத்தேன். தம்பியும் அதுதான் சரி என்றான்.

டேப்ரெக்கார்டரைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். அவர் குரல் அதில் முங்கிப்போனது. தம்பி ஒயரைப் பிரித்துப் பிரித்து வைத்தான், இரைச்சல் போகவில்லை. கட்டிலில் இருந்து அவர் உதட்டை அசைத்தார். போய்க் காதை வைத்தேன்.

"ஒந் தம்பி சூள கட்டியிருக்கான். எரச்சல் வருது, நெருப்புதான் இல்ல" என்றார்.

தம்பியிடம் சொன்னேன். "நக்கலு மட்டும் கொறயல மாமாவுக்கு" என்றான்.

கடைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம் என்று ஜாடியிலிருந்து எடுத்து, பேட்டரியையும் டேப்ரெக்கார்டர் ஒயரையும்கூடக் கழற்றாமல், உள்ளே அட்டை போட்டிருந்த காலி பிஸ்கட் டின்னுக்குள் வைத்தான். இரைச்சல் பாதியாக அடங்கியது. டின்னில் ஓர் ஒயரைப் பற்றவைத்து பேட்டரி மைனஸோடு சேர்த்தான். சுத்தமாக நின்றது. சுற்றியிருக்கும் கரண்டு இரைச்சலைத் தகரம்தான் தடுக்குமாம். அவனுக்குத் தெரியாததில்லை, ஊர்ப் பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மைக்கைச் செருகி, அவர் தலைமாட்டில் டின்னை வைத்தான். நான் பின்கட்டில் உலையை வைத்தேன். முதலில் ஃபேன் சத்தம் வந்தது. அப்புறம் அவர் மூச்சு. பிறகு குரல்.

"இன்னும் என்னா ஓடிக்கினு இருக்குற? செத்த ஒக்காரு. வேணும்னா கூப்புடறன்."

மணைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உலை பொங்கி வழிந்தது. எழுந்திருக்கவில்லை.

மைக்கின் எந்தக் காலில் பேட்டரி பிளஸ் வரும், நடுவில் எத்தனை ரெசிஸ்டர் என்பதெல்லாம் நினைவில்லை. டின்னை மைனஸில் சேர்த்ததாகத்தான் ஞாபகம். வேலை தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். என்னைப் போல ஒருத்தி இதைப் படித்துச் செய்து பார்த்தாலும் பார்ப்பாள்; அவளுக்கு இரைச்சல் வரக்கூடாது.