ஆணியில் தொங்கிய ஈயக் கண்ணாடி

அமெரிக்காவின் டுலூத் நகர மருத்துவமனையில் எக்ஸ்ரே ஓடும்போது டாக்டருக்குப் பக்கத்தில் நின்று, இதயக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய கம்பிகளை எடுத்துக் கொடுப்பது ஜோலீன் ஹவிஸ்டோவின் வேலை. கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை எல்லோரும் அணிவார்கள். ஈயக் கண்ணாடியைப் புதிதாக வந்தவர்கள்தான் போடுவார்கள். கனம், மூக்கில் வழுக்கும். சேர்ந்த சில வாரங்களிலேயே ஜோலீனும் அதை ஆணியில் மாட்டிவிட்டாள். வருடக்கணக்கில் அது அங்கேயே தொங்கியது.

இந்தக் குளிர்காலத்தில் எதிரே வரும் கார் விளக்குகள் அவளுடைய இடது கண்ணில் சிதறின. திரையில் கம்பியின் நுனியும் மங்கியது. அது தெரியாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது.

கண் டாக்டர் சோதித்துவிட்டு, "எக்ஸ்ரே மெஷின் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

"கதிர் பட்டு வர்ற புரை பெரும்பாலும் இப்படித்தான், லென்ஸோட பின்பக்கம் விழும்."

புரையை எடுத்துப் புது லென்ஸ் வைத்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று அந்த ஈயக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கம்பியின் நுனி தெளிவாகத் தெரிந்தது.

"என்ன ஜோ, இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தியா?" கூட வேலை செய்யும் டெரன்ஸ் சீண்டினான்.

"நக்கலெல்லாம் இருக்கட்டும். வண்டி ஓட்டறப்ப உனக்கு லைட்டு சிதறுதா, அதச் சொல்லு."

டெரன்ஸ் அங்கியின் நாடாவைக் கட்டியபடி, "இன்னொரு கண்ணாடி இருந்துச்சே, அது எங்க?" என்றான்.