அது மருந்து இல்லீங்க, மிட்டாய்

எங்கள் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்துக்கு இரண்டே நாற்காலிகள். ஜன்னலோரம் இருப்பது என்னுடையது. சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே கணினிக்கு முன்னால் இருப்பது துருவியக்காவுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வார்டு நர்ஸுகள் இப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். அக்காவுக்கும் இது தெரியும். "நல்லவேளை, அரிவாள்மணைன்னு வைக்கல" என்பார்.

வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எழுதப்படும் மருந்துகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருக்குமா என்று பார்ப்பது அக்காவின் வேலை. புற்றுநோய் மருந்துகள் தொட்டாற்சிணுங்கி ரகம். பக்கத்தில் ஒரு காய்ச்சல் மாத்திரை வந்தால் ஒன்று சுருண்டு படுத்துக்கொள்ளும், இன்னொன்று அளவுக்கு மீறித் துள்ளி ஆளைப் படுக்க வைத்துவிடும். கணினியும் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதற்கெடுத்தாலும் 'புலி வருது, புலி வருது' என்று சிவப்பாகக் கத்தும். எது புலி, எது பூனை என்று பிரித்துப் பார்த்து டாக்டருக்கு போன் போடுவது அக்காதான்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஜன்னலில் ஒருவர் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் என் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். அக்காவோ ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்பார், கேட்கப்படுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது. மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்த அவர் கணவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இவகிட்ட 'சும்மா'ன்னு பதில் சொல்லித் தப்பிக்கவே முடியாதும்மா. எந்தச் சும்மான்னு கேப்பா."

அந்தச் சமயத்தில் வார்டுக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஓய்வு பெற்றவர். ரத்தப் புற்றுநோய்க்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்தவர், சளிக்காய்ச்சல் என்று வந்து படுத்தார். காய்ச்சல் இறங்கியது. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறிக்கொண்டே போயின. இந்த வகை மாத்திரை கைவிட்டால் அடுத்தது எலும்பு மஜ்ஜை மாற்றுதான். அவர் வயதுக்கும் நெஞ்சுக்கும் அது தாங்காது என்பது டாக்டரின் கவலை.

டாக்டர் மருந்தகத்துக்கே வந்துவிட்டார். "மாத்திரை கேக்கலன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை அவர்கிட்ட பேசிடுங்க" என்றார்.

அக்கா கிளம்பினார். வார்டுக்குக் கொடுக்க வேண்டிய மருந்துகள் இருந்ததால் தட்டை ஏந்திக்கொண்டு நானும் போனேன்.

டிரைவரின் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். என்ன மருந்தெல்லாம் சாப்பிடுகிறார் என்று ஏற்கெனவே பலர் கேட்டாயிற்று. அந்த அம்மாவும் சளைக்காமல் பையைத் திறந்து மறுபடி காட்டினார். புற்றுநோய் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, அவ்வளவுதான்.

"மாத்திரைய மறக்கறது உண்டா?" என்றார் அக்கா.

"அவர் மறப்பார், நான் மறக்க மாட்டேன். என் கையால குடுத்து, முழுங்கற வரைக்கும் நின்னு பாப்பேன்."

நாட்டு மருந்து உண்டா, சத்து மாவு உண்டா, வலிக்கு ஏதாவது உண்டா என்று அக்கா சுற்றிச் சுற்றி வந்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். அந்த அம்மா பாட்டிலில் தண்ணீர் பிடித்துவர வெளியே போனார். எனக்குக் கால் கடுத்தது. கிளம்பலாம் என்பதற்காக லேசாக இருமினேன்.

"தொண்டை காஞ்சுபோச்சாம்மா? இந்தாங்க" என்று டிரைவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக வட்ட மிட்டாய்கள். ஒன்றை வாயில் போட்டேன். சாக்பீஸில் புதினாவைத் தடவியது போல் இருந்தது. மருந்துக் கடையில் காலம் தள்ளும் நாக்குக்கு அது போதும்.

"அக்கா, இது மிட்டாய் இல்ல" என்றேன்.

"துப்பாத, சும்மா மென்னு முழுங்கு, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றவர், டிரைவர் பக்கம் திரும்பினார். "இது எப்பல்லாம் சாப்பிடுவீங்க?"

"அது மருந்து இல்லீங்க, மிட்டாய். வண்டி ஓட்டற காலத்துல நேரங்கெட்ட நேரத்துல சாப்பிட்டு வயிறு கெட்டுப்போச்சு. எரிஞ்சா ஒண்ணு போட்டுக்குவேன். இப்ப கொஞ்ச மாசமா அந்தப் பெரிய மாத்திரை போட்டதும் எரியுது, அதனால கூடவே ரெண்டு. பாவம் இவதான், தீரத் தீர வாங்கி டப்பாவுல நிரப்பி வைப்பா."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் புற்றுநோய் மாத்திரை கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், இந்த மிட்டாய் அந்த அமிலத்தைத்தான் அணைக்கிறது, கரையாத மாத்திரை ரத்தத்தில் சேராமல் அப்படியே போய்விடும் என்று நிதானமாகச் சொன்னார். டிரைவர் டப்பாவை மூடினார். அவர் கண் வாசல் பக்கம் போனது.

"இத அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. வாங்கிக் குடுத்தது அவ. தாங்க மாட்டா. நானே நிறுத்திடறேன்."

அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்ட டாக்டர், அதே மாத்திரையோடு ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

அந்த அம்மாவுக்கும் இது தெரிந்தாக வேண்டும் என்றார் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை. "அதான் அவரே நிறுத்திக்கறேங்கறாரே, அந்தம்மாவ எதுக்குக்கா கஷ்டப்படுத்தணும்?" என்றேன்.

"எரிச்சலும் நின்னுடுமா? வீட்டுக்குப் போய் அவர் நெஞ்சப் பிடிச்சா அந்தம்மா சும்மா இருப்பாங்களா? இது இல்லன்னா இதோட தங்கச்சிய வாங்கிட்டு வருவாங்க" என்றார் அக்கா.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்த அம்மா மாத்திரை வாங்க ஜன்னலுக்கு வந்தார். அக்கா அவரை உள்ளே அழைத்து என் நாற்காலியில் உட்கார வைத்தார். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொதுவாகத்தான் சொன்னார்: "இந்த மாத்திரையோட வயித்தெரிச்சலுக்கு எதுவும் சேர்க்கக் கூடாதுங்க. முழுங்கறது, குடிக்கறது, மெல்லறது எதுவும். எரிஞ்சா இங்க போன் பண்ணுங்க, எப்ப எதக் குடுக்கலாம்னு நான் சொல்றேன்."

மாத்திரையைப் பையில் வைக்கப் போன அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மெல்லறதுன்னா, அந்த மிட்டாயுமா?"

"அதுவும்தாங்க."

"என் கையால மாத்திரையும் குடுத்து, என் கையாலயே அதையும் குடுத்திருக்கேன்." அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

"உங்க மேல குத்தம் இல்லம்மா" என்றார் அக்கா. "என்ன மருந்து சாப்பிடறார்னு நாங்க கேட்டோம். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. கேள்விதான் தப்பு."

"அவருக்குத் தெரியுமா?" என்றார் அந்த அம்மா.

"தெரியும்."

"என்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பாரே."

அக்கா மேஜையைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழிந்து இருவரும் வந்தார்கள். வெள்ளை அணுக்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டை டிரைவர் என் ஜன்னலில் நீட்டினார். மனைவி கொஞ்சம் தள்ளி பெஞ்சில் இருந்தார். டிரைவர் குனிந்து, அக்காவுக்குக் கேட்கும்படி கிசுகிசுத்தார்.

"நம்ம நேரம் பாருங்கம்மா, கடையில அந்த மிட்டாய் வர்றதே இல்லையாம். அவளே வந்து சொல்றா, 'தேடிப் பாத்துட்டேன், எங்கயும் இல்ல'ன்னு. நான் பொய் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. நீங்களும் சொல்லாம இருந்தீங்க பாருங்க, புண்ணியமாப் போகும். தெரிஞ்சிருந்தா உடைஞ்சிருப்பா."

கேள்வி கேட்டே பிழைக்கும் துருவியக்கா, அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"ஆமாங்க" என்றார்.