கடைசி வசனத்தை மாற்றியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்குப் போய் ஒரு ரீமேக் படம் பார்த்தேன். 'உனக்கு இது தேவையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தேவைதான். நல்ல படத்தைக் கெடுத்து வைத்திருப்பார்கள் என்று தெரிந்தே போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் திட்டிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு.

மலைமேல் கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் வண்டன்மேட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி... வயிற்றெரிச்சல் என்றும் சொல்லலாம். கட்டப்பனையில் ஒரிஜினலை மலையாளத்தில் பார்த்துவிடுவோம். பிறகு மலையிறங்கி கம்பத்தில் ரீமேக்கைத் தமிழில் பார்ப்போம். எது காணாமல் போனது, எது புதிதாக முளைத்தது என்று எங்களிடம் மறைக்க முடியாது.

இந்தப் படத்தின் ஒரிஜினல் வந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். நான் நாலு முறை பார்த்திருக்கிறேன். ஒழுகுகிற வீடு. விடாத மழை. ஏலக்காய் தரம் பிரிக்கப் போகிற மனைவி. அவள் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்காத கணவன். கடைசியில் பச்சைப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ரெண்டே வார்த்தை சொல்வாள் — "எனிக்கு மதியாயி." எனக்குப் போதும். அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விடுவாள். அவன் பஸ் ஸ்டாப்பிலேயே நிற்பான். படம் முடிந்துவிடும்.

ரீமேக்கில்? மழையே இல்லை. ஒழுகுகிற வீடு ஊஞ்சல் போட்ட பங்களாவாகியிருந்தது. ஏலக்காய் பிரிப்பவள் ஏற்றுமதி கம்பெனி முதலாளி. அவள் கண்ணீர் விட்டாலும் கண் மை கலையவில்லை. ஒரு பாட்டுக்குப் பனிமலைக்கு வேறு போனார்கள். நான் வாய்விட்டே முனகிக்கொண்டிருந்தேன்.

"சும்மா இரு தங்கச்சி, பின்னால இருக்கவன் அடிக்க வந்துரப் போறான்" என்றார் செல்வம் அண்ணன்.

செல்வம் அண்ணன் பக்கத்து வீடு. தினமும் காலையில் கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வரும் ஜீப் டிரைவர். அன்று ஜீப்புக்கு லீவு. அதனால் அவரும், அவர் மனைவி முத்துலட்சுமி மதினியும், நானும் அதிலேயே மேட்னிக்கு வந்திருந்தோம். மதினி கம்பம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, வாக்கப்பட்டு மலையேறியவர்.

கடைசிக் காட்சி வந்தது. பை வந்தது. வாசல் வந்தது. "எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அப்பாடா... இதையாவது விட்டு வைத்தார்களே! நான் கை தட்டப் போனேன்.

பக்கத்தில் மதினி எழுந்தே விட்டார்.

"கெடுத்துப்புட்டாய்ங்க! கடைசிய இப்படிக் கெடுத்துப்புட்டாய்ங்களே!"

"மதினி, இது ஒண்ணுதான் ஒரிஜினல் மாதிரியே இருக்கு."

"யாருகிட்ட கத விடுற? அதுல அவ 'பத்து நாள்ல வந்துர்றேன்'னு சொல்லிட்டுல்ல போவா!"

"நான் நாலு தடவ பாத்துருக்கேன்."

"நீ நாப்பது தடவ பாத்தாலும் அவ அப்படித்தான் சொல்லுவா."

பத்து நாளா? எந்தப் படத்தில்? சாட்சிக்கு அண்ணனைத் தேடினேன். ஆள் இல்லை. திரையில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் ஜீப்பை எடுக்கப் போய்விட்டார்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. வெளியே வரும்போதே விசாரணையைத் தொடங்கினேன். அந்தப் படத்தில் மழை பெய்ததா? "விடாமப் பேஞ்சுச்சு." பை என்ன நிறம்? "பச்ச." அதே படம்தான். எங்கே பார்த்தது? "கட்டப்பனையில. கல்யாணமாகி மூணு மாசம்." அப்போது மலையாளம் தெரியுமா?

"ஒரு எழவும் தெரியாது. இவருதான் காதுக்குள்ள ஒவ்வொரு வசனமா சொல்லிக்கிட்டே வந்தாரு."

ஓ... எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் இது வழக்கம். கீழேயிருந்து புதிதாக வாக்கப்பட்டு வந்தவர்களுக்கு வீட்டுக்காரர்தான் சப்டைட்டில்.

ஜீப் கிளம்பியது. பின் சீட்டிலிருந்து சும்மா இருந்தேனா? "அண்ணே, 'மதியாயி'ன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

அண்ணன் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமே இல்லை, நேரான ரோடு. மதினி மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். இப்போது மலையாளத்திலேயே சண்டை போடுகிறவர் மதினி. அவருக்கு அர்த்தம் தெரியாதா?

"அப்படியா சொன்னா அவ?"

அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

"டிவியில அந்தப் படத்தப் போட்டா, நீங்க ஏன் நியூசுக்கு மாத்துறீங்கன்னு இப்பல்ல தெரியுது!"

முதல் வளைவு ஏறிய பிறகுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "நீ கட்டிலுக்கு அடியில பையக் கட்டி வச்சிருந்த. நான் பாத்துட்டேன். மனசு மாறட்டும்னு படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். குடும்பப் படம்னு சொன்னாய்ங்க. அங்க போனா அவளும் பையத் தூக்குறா! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"படத்த மாத்துனீங்களே... ஏன் பையக் கட்டுனன்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லிருவியோன்னு பயந்தேன்."

வளைவுக்கு மேல் வளைவாக ஜீப் ஏறியது. மதினி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பன்னிரண்டு வருடக் குடித்தனம். ரெண்டு பிள்ளைகள். ஒரு படத்தின் ஒரிஜினலுக்கு வக்காலத்து வாங்கப் போய், நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்?

மலையேறியதும் எல்லையில், கம்பம்மெட்டில் வழக்கமான டீக்கடை. அண்ணன் இறங்கிப் போய்ப் பால் விடாத கட்டன் சாயா வாங்கி வந்து மதினியிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"மறுநாள் அந்தப் பையோட பஸ் ஸ்டாப்புல நின்னேன்ல... திரும்பி வர்ற எண்ணமே எனக்கு இல்ல. இந்த அட்டப் பூச்சியும், பனியும், வெளங்காத பேச்சும் போதும்னுதான் கெளம்புனேன். பஸ் வந்துருச்சு. நீங்க அந்தப் படத்துல நின்னவன் மாதிரியே நின்னீங்க. என்ன சொல்றதுன்னு தெரியல. அவ சொன்னதையே சொன்னேன். பத்து நாள்ல வந்துர்றேன்னு."

"பதினோரு நாளாச்சு" என்றார் அண்ணன்.

"சொல்லிட்டமேன்னுதான் வந்தேன். பெறகு... இருந்துட்டேன்."

வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

மதினி ஒரு வாய் சாயா குடித்தார். "வேற எங்கெங்க மாத்துனீங்க?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "அந்த மாமியா வர்ற எடமெல்லாம். எங்கம்மா பேசுற மாதிரியே இருந்துச்சா... கொஞ்சம் நல்லவிதமாச் சொன்னேன்."

"அதான! மூஞ்சியக் கடுகடுன்னு வச்சுக்கிட்டு இவ்வளவு அன்பாப் பேசுறாளேன்னு நான் அன்னைக்கே நெனச்சேன்!"

மதினி சிரித்த சிரிப்பில் சாயா சேலையில் கொட்டியது. அண்ணனும் பயந்து பயந்து சிரித்தார்.

இத்தனை வருடமாக ரீமேக்கில் எது மாறியது என்றுதான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காக மாறியது என்று யோசித்ததே இல்லை. சினிமாக்காரர்கள் ஊருக்கே பிடிக்க வேண்டும் என்று மாற்றுகிறார்கள். யாருக்கும் ஒட்டாமல் போகிறது. அண்ணன் ஒரே ஒருத்திக்காகத்தான் மாற்றினார். அவர் செய்தது சரியா? கேட்க வேண்டியதைக் கேட்காமல் போனது தப்புதான். ஆனாலும் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஜீப் கிளம்பும்போது மதினி என் பக்கம் திரும்பினார்.

"நீ நாலு தடவ பாத்தவ. உண்மையச் சொல்லு. அந்தப் புள்ள கடைசியில திரும்பி வந்தாளா, இல்லையா?"

அண்ணன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார்.

"பதினோராம் நாள் வந்துட்டா மதினி" என்றேன்.

ஒரிஜினலில் அப்படி ஒரு சீன் இல்லை, எனக்குத் தெரியும் — யாரும் கடிதம் போட்டுத் திருத்த வேண்டாம்.