பேர் எழுதிய ஐஸ் பெட்டி

அடுப்படியில் உட்கார்ந்து அம்சவள்ளி ஏரி மீனைச் செதில் போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வீரப்பன் சாப்பிட வருகிறான். மறுநாள் கோர்ட்டில் அவன்தான் சாட்சி. அவனை விட்டால் வேறு யாரும் இல்லை.

சோரியாங்குப்பத்தில் பிறந்து, உள்ளூரிலேயே பாக்யராஜுக்கு வாழ்க்கைப்பட்டவள். நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று போய், இப்போது பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாள். பாக்யராஜ் டிராக்டர் ஓட்டினான். குடிக்கவே மாட்டான் என்று சொல்ல முடியாது; குடித்தால் பாடுவான், அவ்வளவுதான். ஆற்றில் மணல் அள்ளிய லாரிகளை ஊர்க்காரர்கள் மறித்தபோது அவனும் நின்றான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போன பிறகும் நின்றான். சித்திரை மாதம் ஒரு விடியற்காலையில் அவன்மேல் லாரி ஏறியது. குடித்துவிட்டு ரோட்டில் படுத்திருந்தான் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள்.

லாரி தணிகைவேலுடையது. அந்தப் பக்கத்தில் கட்சி என்றால் அவர்தான். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவருடைய ஆட்கள் பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் அவர் பேர் பெரிதாக எழுதியிருக்கும். வேண்டாமென்று யாரும் சொன்னதில்லை. அன்றைக்கும் வந்து இறங்கியது. யார் லாரி என்று அப்போது அவளுக்குத் தெரியாது. மாலையோடு வந்த தணிகைவேலைப் பார்த்துக் கை கூப்பினாள். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

கருமாதி முடிந்த பிறகுதான் வீரப்பன் வாயைத் திறந்தான். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவன் கரையில் நின்று பார்த்திருக்கிறான். இடித்த லாரி பின்னால் வந்து, மறுபடியும் ஏறியிருக்கிறது. அதைக் கேட்டபிறகு அம்சவள்ளி சும்மா இருக்கவில்லை. ஏறாத ஆபீஸ் இல்லை. கடைசியில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, வழக்கு கோர்ட்டுக்கு வரவே நாலு வருஷம் ஆனது.

அங்கே அந்தப் போட்டோவைக் காட்டினார்கள். அவர்தான் கொன்றார் என்றால் அவர் பெட்டியில் புருஷனை ஏன் வைத்தாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

“வெயில் காலம் சார்” என்றாள்.

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள்.

வீரப்பன் வந்து உட்கார்ந்தான். மீன் தலையை அவனுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அவன் மகள் ஜெயசித்ராவுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் போன மாதம் வேலை கிடைத்திருந்தது. யார் சொல்லிக் கிடைத்தது என்று அம்சவள்ளி கேட்கவில்லை. கேட்காமலே ஊரில் சொல்லிவிட்டார்கள். காலையில் எந்த பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று மட்டும் கேட்டாள்.

அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

“அன்னிக்கு ஒரே பனிக்கா. இன்னா வண்டின்னே சரியா தெரில.”

“சித்திரையில பனி ஏதுடா?”

“அப்ப இருட்டுன்னு வெச்சிக்க.”

“ரெண்டு வாட்டி ஏறுச்சின்னு நீதானடா சொன்ன?”

“அது வூட்ல சொன்னது.”

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் தலை நிமிரவில்லை. பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான்.

“மாமாவ அவுரு பொட்டியில வெச்சியே, நான் ஒரு வார்த்த கேட்டனா? நீ மட்டும் என்னக் கேக்குற. பொண்ண வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்? நீயே சொல்லு.”

அம்சவள்ளி அவன் தட்டை எடுத்தாள். மிச்சத்தை நாய்க்கென்று ஒரு சட்டியில் தள்ளினாள்.

“சொல்லுக்கா.”

மீன் சட்டியை மூடினாள். அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு நிலைப்படியில் இடிக்காமல் தலையைக் குனிந்து, வெளியே போனான்.