காக்கநாட்டிலிருந்து வீசிய காற்று

என் தம்பிக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டும் கொச்சிதான், நாங்கள் இருக்கிற மட்டாஞ்சேரிக்கும் காக்கநாட்டுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம், அவனிடம் கார் வேறு இருக்கிறது. ஆனால் அவன் வரமாட்டான். அவனுக்குப் பதில் பெட்டி வரும்.

அப்பா விழுந்த வருஷத்தில்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. நகரசபையில் முப்பது வருஷம் சாக்கடை அள்ளியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் போயிற்று. பேச்சு குழறியது, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அம்மா முன்பே போய்விட்டாள். நான் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவள், கல்யாணமும் இல்லை, ஆகவே யாரும் கேட்காமலே அது என் வேலையாயிற்று. மூன்றாம் மாதம் அவர் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண் விழுந்தது.

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிற சிஸ்டர் வாரம் ஒருமுறை வருவாள். புண்ணைப் பார்த்துவிட்டு, "முதுகு நனையான் பாடில்லா சேச்சி, கேட்டோ?" என்றாள். முதுகு நனையவே கூடாதாம். நனைந்தால் புண் உள்ளே இறங்கும், அப்புறம் ஆஸ்பத்திரிதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்த உடம்பு திரும்பி வராது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன், முதுகைத் துடைத்துக் காயவைப்பேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் பாதியில் நிற்கும். நிற்கட்டும்.

தம்பியின் கவலையெல்லாம் வெப்பத்தைப் பற்றி. எங்கள் கூரை ஷீட்டுக் கூரை, மார்ச் மாதம் பகலில் வெந்துபோகும், அதை நான் மறுக்கவில்லை. முதலில் கழுத்தில் மாட்டுகிற மின்விசிறி வந்தது. அப்பாவின் கழுத்தில் மாட்டினால் அவர் மாடு மணி கட்டிக்கொண்டது போலக் கிடந்தார். அடுத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா. அதில் ஐஸ்கட்டி போட்டால் அறையே குளிருமாம்! அதன் எதிரில் மூக்கை வைத்தால் மூக்கு நுனி மட்டும் குளிர்ந்தது. ஏதோ சலுகையில் சேர்ந்து வந்ததென்று கால் சூடாக்கும் பெட்டி ஒன்று. மட்டாஞ்சேரியில், ஏப்ரலில், யாருக்கடா கால் விறைக்கிறது? அதில் இப்போது நூல்கண்டு வைத்திருக்கிறேன், அந்த மட்டுக்கு உபயோகம்.

பிறகுதான் அந்தக் கூலர் வந்து சேர்ந்தது.

தம்பி பெண் எடுத்தது ஈரோட்டில். சித்திரைக்கு மாமியார் வீட்டுக்குப் போனவன், அங்கே தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற கூலரின் முன்னால் மூன்று நாள் படுத்துத் தூங்கியிருக்கிறான். ஈரோட்டு வெயில் வறண்ட வெயில், ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் உலர்ந்துவிடும். அங்கே அது குளிரத்தான் செய்யும். இங்கே உப்பு டப்பாவைத் திறந்தால் உப்பு கசிகிறது. பிறந்து வளர்ந்தது இந்த ஊரில், படித்தது எஞ்சினியரிங், இது தெரியவில்லை துரைக்கு. ஈரோட்டுக் காற்றைக் கொச்சியில் வாங்கிவிடலாம் என்று நினைத்தான். எதிர்ச் சாயாக்கடைச் சேட்டன், ஆட்டோவிலிருந்து பெட்டி இறங்கும்போதே சிரித்துவிட்டார். "இவிடெ கூலரோ? இவிடத்தெ காற்றில் தன்னெ வெள்ளமல்லே!" இந்த ஊர்க் காற்றிலேயே தண்ணீர்தானே என்றார்.

பெட்டியோடு தம்பியும் வந்தான், அன்று ஒருநாள். நாற்பது நிமிஷம் இருந்தான். அதில் முப்பது நிமிஷம் கூலரோடும் போனோடும். அந்தக் கூலருக்காகவே வீட்டுக்கு வைஃபை போட்டான். "அக்கா, இனி நான் ஆபீஸ்ல இருந்தே ஆன் பண்ணுவேன் பாத்துக்கோ. ஜன்னலெல்லாம் அடச்சு வெச்சிரு, கேட்டியா?" என்றான். அப்பாவின் கையைப் பிடித்து, "தினமும் சாயந்தரம் காத்து வரும்பா. நாந்தான் விடுவேன்" என்றான். அப்பா அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு அது தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. உடனே போன். "காத்து வருதா?" வருகிறது, மகராசா, வருகிறது. ஒரு வாரம் இப்படித் தினமும் அழைத்தான். பிறகு போன் நின்றது, காற்று மட்டும் ஐந்தரைக்குத் தவறாமல் வந்தது.

பத்தாம் நாள் போர்வை பிசுபிசுத்தது. தலையணையில் பூஞ்சை வாடை. சிஸ்டர் வந்து புண்ணைப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெளுத்து, ஊறிப்போய், முன்னைவிட அகலமாகியிருந்தது. அவள் கூலரைப் பார்த்தாள், அடைத்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது ஆரா செய்தது?" என்று கேட்டாள். வெட்கக்கேடு. அவன் சொன்னான் என்று ஜன்னலை அடைத்து, தினமும் கூலர் தொட்டியில் தண்ணீரும் ஊற்றியவள் நான்தானே.

அன்றே கூலரை அணைத்தேன். 'இனி அழுத்தாதே, அப்பாவுக்குப் புண் பெரிதாகிறது' என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மறுநாள் ஐந்தரைக்குக் கூலர் கிளம்பியது. மறுபடி அணைத்தேன், மறுபடி செய்தி, மறுபடி கட்டைவிரல், மறுபடி காற்று. இவனிடம் பேசி என் வாயை ஏன் நாறடித்துக்கொள்ள வேண்டும் என்று பிளக்கையே பிடுங்கிப் போட்டேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.

அன்று ஐந்தரை தாண்டியது. அப்பா கூலர் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. சாயாவில் நனைத்துக் கொடுத்த ரஸ்க்கை வாயிலிருந்து வழியவிட்டார். மூன்றாம் நாள், "அவனுக்கு ஒடம்புக்கு முடியலியா?" என்றார்.

"யாருக்குப்பா?"

"தம்பிக்கு. மூணு நாளாச்சு, காத்து வுடல."

"கரண்ட் இல்லப்பா" என்று உளறினேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கமாகப் புரண்டு படுத்தார். எப்போதும் நான்தான் அவரைத் திருப்ப வேண்டும். அன்று எப்படியோ அவராகத் திரும்பினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது குளிர்ச்சியே இல்லை. ஐந்தரைக்கு மகன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். என் வயிறெரிந்தது. ராத்திரியென்றும் பகலென்றும் பார்க்காமல் பீயும் மூத்திரமும் அள்ளுகிறவள் நான், அவர் காத்திருப்பது அவனுக்காக! ஆனாலும் சோறு இறங்காமல் கிடக்கிற மனுஷனிடம் போய்ப் பொறாமைப்பட்டு என்ன செய்ய? தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்துக் காயவைத்தேன். தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் வெறும் ஃபேன்தான், முதுகை நனைக்காது. பிளக்கை மாட்டிவிட்டுத் தம்பியை அழைத்தேன்.

"தம்பி, நீ பாட்டுக்குத் தினமும் அஞ்சரைக்கு அழுத்து. தண்ணி நான் ஊத்தமாட்டேன். நீ அழுத்துறேன்னுதான் அவரு உசிரக் கையில பிடிச்சிட்டுக் கெடக்காரு."

அவனுக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"நான் எங்கக்கா அழுத்துறேன்? அது டைமர்ல கெடக்கு. முதல் வாரமே செட் பண்ணி வுட்டுட்டேன். எனிக்கு ஞாபகமே இல்ல. போனும் மாத்தீட்டேன், அந்த ஆப்பே இப்ப எங்கிட்ட இல்ல."

"அப்ப நான் அனுப்புன மெசேஜ்?"

"கண்டேன். என்னமோ வீட்டு விஷயம்னு நெனச்சேன்."

அவனைத் திட்டுவதற்கு எனக்கு மூன்று மொழியில் வார்த்தை தெரியும். போனை வைத்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்க ஆரம்பித்தது. சிஸ்டர் முதன்முறையாகச் சிரித்தாள். அன்று சாயந்தரம் அப்பாவை இடப்பக்கம் புரட்டி முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மணி ஐந்தரை. மூலையில் கூலர் உறுமியது.

"வந்துட்டான்" என்றார் அப்பா. "ஒரு நாளாச்சும் மறக்கானா பாரு. நீ என்னடான்னா, எப்பப் பாத்தாலும் அவனக் கொற சொல்லிட்டே இருக்கே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் காயல் தண்ணீரில் எறிந்திருப்பேன். கையில் அவருடைய முதுகு இருந்தது. "ஆமாப்பா, இனி சொல்லல" என்றேன். புண்ணில் காற்றுப் படட்டும் என்று துணியை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.