ஏழாம் நம்பரின் ராஜினாமா

எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் ஒரு தடவையாவது ராஜினாமா செய்திருக்கிறார்கள். செய்துவிட்டு மறுநாள் காலை எட்டரைக்கு வழக்கம்போல வேலைக்கும் வந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். திருப்பூரில் யாரிடம் சொன்னாலும் "அதுக்கென்னங்க இப்போ" என்பார்கள்.

விஷயம் இவ்வளவுதான். வேலையில் இருக்கும்போது பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியைத்தான் எடுக்க முடிந்தது. முழுசாக வேண்டுமென்றால் வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும். அதனால் காகிதத்தில் விலகுவார்கள். ஆள் அதே மிஷினில்தான் உட்கார்ந்திருப்பார், சம்பளம் பதிவேட்டில் ஏறாமல் வவுச்சரில் போகும். பணம் வந்ததும் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வோம். அந்த ராஜினாமாக் கடிதங்களை எழுதுவது நான்தான். பதினொரு வருடமாக இந்தப் பனியன் கம்பெனிக்குப் பெர்சனல் மேனேஜர். "சொந்தக் காரணங்களால்" என்ற இரண்டு வார்த்தையை எத்தனை தடவை டைப் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதை நான் உபகாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனி ஒரு ஷெட்டும் நாலு மிஷினுமாக இருந்த காலத்தில் சேர்ந்தவர். அவருடைய எம்ப்ளாயி நம்பர் ஏழு. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. எதில் கையெழுத்துப் போட்டாலும் கீழே 7 என்று எழுதி ஒரு வட்டம் போடுவார். புதுசாக வந்த சூப்பர்வைசர் யாராவது அதிகாரம் செய்தால் பதில் பேச மாட்டார். சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வெட்டுமேஜை மேல் வைப்பார். நம்பரைப் பார்த்ததும் பையன் வாயை மூடிக்கொண்டு போய்விடுவான்.

நாலு வருடம் ஆகப்போகிறது, எங்கள் குழந்தைத்துணி பிராண்டில் பெங்களூர்க்காரர்கள் பணம் போட்டார்கள். பணத்தோடு ஒரு புதுப் பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். பழைய ஆட்களுக்குக் கம்பெனியில் பங்கு. பங்கையே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். பின்னால் ஒருநாள், இப்போது குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற உரிமையைத்தான் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ஆப்ஷன். பாய்க்கு மூவாயிரம், எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒன்றைப் பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஒரு பங்கின் மதிப்பு முன்னூற்றுப் பத்து. நாலு வருடத்தில், வருடத்துக்குக் கால்வாசியாக அது நம்முடையதாகும்.

கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கியது நான்தான். பாய் முதல் வரிசையில் இருந்தார்.

"முன்னூத்திப் பத்துன்னு யாருங்க அம்மணி போட்டது?"

"மதிப்புப் போடறதுக்குன்னே ஆள் இருக்காருங்க பாய், பெங்களூர்ல."

"வந்து பாத்தாருங்களா? மிஷினு, எடம், ஸ்டாக்கு?"

"இல்லீங்க. இனிமே வர்ற வருசத்துல கம்பெனி எவ்வளவு சம்பாரிக்கும்னு பாத்து, அதுக்கு இன்னிக்கு என்ன வெலைன்னு கணக்குப் போடுவாங்க."

"அப்ப இன்னும் நிட்டிங்கே ஓட்டாத துணிக்கு எடை போட்டிருக்காருன்னு சொல்லுங்க!"

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் நாலு வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஒருத்தர் கேட்டதற்கும் பாய்தான் பதில் சொன்னார். "துணி வந்த ஒடனே வெட்டலாமா? ரோலப் பிரிச்சு ரேக்குல ஒரு நாள் ரெஸ்ட்டு உடோணும். இல்லீன்னா வெட்டுனதுக்கப்பறம் சுருங்கிப் போயிரும். அந்த மாதிரிதானுங்க அம்மணி?" அந்த விளக்கம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், பிறகு வந்த மேனேஜர்களுக்கெல்லாம் என் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

திட்டத்தின் விதிகள் நாற்பது பக்கம், ஆங்கிலத்தில். நான் பென்சிலால் டிக் போட்ட இடத்திலெல்லாம் பாய் கையெழுத்துப் போட்டு, 7 எழுதி, வட்டம் போட்டார். உண்மையைச் சொல்கிறேன், நானே பத்துப் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் எல்லாருக்கும் ஒரு மெயில் ஐடி கேட்டது. பாய்க்கு நானே ஒன்றை உண்டாக்கி, பாஸ்வேர்டை என் டயரியில் குறித்துக்கொண்டேன். தனக்கு ஒரு மெயில் ஐடி இருப்பதே அவருக்குத் தெரியாது.

போன ஆனி மாதம் பாய் என் கேபினுக்கு வந்தார். இருபத்தாறு வருடமாக அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். விலை முப்பத்திரண்டு லட்சம். முதலில் உங்களிடம்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பாயின் மூன்று பெண்களும் பிறந்தது அந்த வீட்டில்தான்.

"பி.எஃப். பூராத்தையும் எடுக்கோணுங்க அம்மணி. பன்னண்டு லட்சம் வருது. நீங்கதான் லெட்டர் போட்டுக் குடுக்கோணும்."

உடனே டைப் செய்தேன். சொந்தக் காரணங்களால். பேனாவை எடுத்தவர் கொஞ்சம் நின்றார்.

"இதுல கையெழுத்துப் போட்டா என்ற பங்குக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"அது வேற, இது வேறங்க பாய்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அந்தச் சமயத்தில் போனில் யாரோ சாயப்பட்டறைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. பாயைப் புதிதாகச் சேர்த்தபோது கம்ப்யூட்டர் அவருக்கு 1412 என்று நம்பர் கொடுத்தது. புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு போச்சுங்களா?" என்றார். நான் கேலி செய்தேன், இனிமேல் நீங்கள்தான் கம்பெனியிலேயே சின்னப் பையன் என்று. சிரித்துக்கொண்டேதான் போனார்.

இதற்கிடையில் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கொடியேற்றிவிட்டு முதலாளி ஒரு அறிவிப்புச் செய்தார். பொங்கலுக்குள் கம்பெனியே அவரவர் ஆப்ஷனைத் திருப்பி வாங்கிக்கொள்ளும், பங்குக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கணக்கில். பாய்க்கு மூன்று வருடம் முடிந்துவிட்டதால் முக்கால்வாசி, இரண்டாயிரத்து இருநூற்றைம்பது. நானே கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். இருபது லட்சம், வரி போகக் கொஞ்சம் குறையும், அந்தக் குறைக்கு அவர் மச்சான் இருக்கிறார். அதை நம்பித்தான் அவர் வீட்டுக்கு அக்ரிமென்ட் போட்டார். பி.எஃப். பணம் பன்னிரண்டு லட்சம் அட்வான்ஸ், மீதி மாசி முடிவதற்குள். தவறினால் அட்வான்ஸும் இல்லை, வீடும் இல்லை.

தை பிறந்து ஒரு வாரத்தில் பெங்களூரிலிருந்து பட்டியல் வந்தது. முப்பத்தெட்டுப் பெயர். என் பெயர் இருந்தது. பாயின் பெயர் இல்லை. எழுத்துப்பிழையாக இருக்கும் என்று மறுபடி பார்த்தேன். அப்புறம் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை.

கம்பெனி செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். பெங்களூரில் இருக்கிற தமிழ்ப் பெண், சின்ன வயசு, மரியாதையாகப் பேசும்.

"எம்ப்ளாயி நம்பர் ஏழு ஜூன்லயே ரிசைன் பண்ணிட்டார் மேடம். லெட்டரை அப்லோட் பண்ணினதே நீங்கதானே?"

"அது சும்மா பேப்பர்லதானுங்க. அவர் ஒரு நாள்கூட வேலைய விடல."

"ஆப்ஷனும் பேப்பர்லதானே மேடம் இருக்கு," என்றது அந்தப் பெண். கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மீதியையும் அதுவே சொன்னது. விலகிய அன்றே, முடியாத காலத்துக்கான பங்கு போய்விடும். முடிந்த காலத்துக்கானதைத் தொண்ணூறு நாளுக்குள் பணம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதுவும் போய்விடும். விதிகளில் முப்பத்தோராம் பக்கம். "நாலு தடவை மெயில் போட்டிருக்கோமே மேடம்."

டயரியைத் தேடி எடுத்து, நானே எழுதிய பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தேன். நாலு மெயில். நாலும் யாரும் திறக்காதவை. இன்னும் தொண்ணூறு நாள். இன்னும் அறுபது நாள். இன்னும் முப்பது நாள். இன்னும் ஏழே நாள். இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயும் அதற்கான வரியும் கட்டியிருந்தால் போதும், பங்கு அவருடையதாகியிருக்கும். அந்தத் தொண்ணூறு நாளும் பாய் என் கேபினிலிருந்து இருபதடி தூரத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் தினமும் அவரிடம் டீ குடித்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. போன பங்கு எங்கே போகும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பொதுவில் சேர்ந்துவிடும், அங்கிருந்து வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள் என்றது. இந்த மூவாயிரம் யாருக்குப் போனது என்றேன்.

"தீபாவளிக்கு உங்களுக்கு ஒரு கிராண்ட் வந்துதில்ல மேடம், மூவாயிரம்? பொதுவுல வேற ஒண்ணும் மிச்சம் இல்ல. அதுதான்."

போனை எப்படி வைத்தேன் என்று நினைவில்லை. தீபாவளிக்கு எனக்குக் கூடுதலாக மூவாயிரம் ஆப்ஷன் வந்ததற்கு ஃபேக்டரி முழுக்க லட்டுக் கொடுத்திருந்தேன். பாய்க்கு இரண்டாகக் கொடுத்தேன். "உங்களுக்கு வந்தா எங்களுக்கு வந்த மாதிரிங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

முதலாளியிடம் ஓடினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எங்கள் முதலாளிக்குக் கோபமே வராது. மறுப்பதைக்கூட மரியாதை குறையாமல்தான் மறுப்பார்.

"அம்மணி, அந்த ராஜினாமா பொய்யின்னு நாம எழுதிக் குடுத்தா, பி.எஃப்.ல பொய் சொன்னோம்னுதானுங்களே ஆகும்? பெங்களூர்க்காரங்க உடுவாங்களா?"

"அவர் இல்லீன்னா இந்தக் கம்பெனியே இல்லீங்க சார்."

"எனக்குத் தெரியாதுங்களா? ஆனா லெட்டர டைப் பண்ணி அனுப்புனது நீங்கதானுங்களே."

அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வவுச்சரில் சம்பளம் போட ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். வெளியே வந்து, தீபாவளி கிராண்ட் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அது பாய்க்குத் திரும்பவில்லை. பொதுவுக்குப் போய், அடுத்த வாரமே ஒரு மார்க்கெட்டிங் ஆளுக்குப் போனது.

பாயிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மேஜைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், அவ்வளவு கோழை நான். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மிஷினை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னேன். மெயில், தொண்ணூறு நாள், லட்டு வரைக்கும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கேட்டனுங்களே அம்மணி," என்றார்.

கையிலிருந்த இரும்புக் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லிப் போனார். பத்தொன்பது வருடத்தில் அவர் முன்கூட்டிச் சொல்லாமல் எடுத்த முதல் லீவு அதுதான்.

என்னுடைய பழைய ஆப்ஷனுக்கு, வரி போக எட்டு லட்சம் வந்தது. எங்கள் வீட்டுக்கு மாடி எடுக்க வைத்திருந்த பணம். அதைப் பாய்க்குக் கொடுக்கப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "குடுத்துத் தொலை, இல்லாட்டி நீ தூங்க மாட்டே" என்றார். பாய் அதைச் சும்மா வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கடனாக இருந்தால்தான் தொடுவேன் என்றார். மனைவியின் நகை, மச்சானின் பணம், மூத்த மருமகன் கொடுத்தது எல்லாம் சேர்ந்து மீதியும் தேறிவிட்டது. மாசி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, பத்திரப் பதிவுக்கு முந்தின நாள், அவர் வீட்டுக்குப் போனேன். கடன் பத்திரத்தை நானே தமிழில் எழுதியிருந்தேன். ஒரே பக்கம்.

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"படிங்க அம்மணி."

படித்தேன். அவர் மனைவி உள்ளே அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். முடித்ததும் பாய், "இன்னொருக்கா," என்றார். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். ஒரு வரியில் நாக்குக் குழறியது, அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

"நான் வேலைய உட்டுட்டா இது என்னாகும்னு போட்டிருக்குதுங்களா?"

போடவில்லை. ஓரத்தில் எழுதினேன்: வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதில் ஒன்றும் மாறாது. அதையும் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதற்கப்புறம்தான் பேனாவை வாங்கினார். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கீழே 7 என்று எழுதி, வட்டம் போட்டார்.

நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.